இது எந்தத் தோட்டத்து மார்க்கு?



பட்டிப்பொல புகையிரத நிலையத்தில் இறங்கியவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு புகையிரத நிலையம் கிடையாது. அப்பெயருக்குச் சிங்களம் அறிந்தோர் என்ன பொருள் சொன்னாலும், தமிழ்க் காதுக்கு முதலில் கேட்பது 'பட்டி' என்ற சொல்தான். மந்தையை அடைக்கும் இடம். பக்கத்தில் அம்பேவெலவில் மாட்டுப் பண்ணையும் இருப்பதால், ஆயனைப் பற்றி நினைப்பதற்கு ஏற்ற ஊர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சில வாரங்களுக்கு முன் அங்கே படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவருக்கு நற்கருணை கொண்டுபோனேன். அவர் கீழ்த் தோட்டமொன்றின் ஸ்டோரில் வேலை செய்து ஓய்ந்து, இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். கட்டிலுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய படம். கர்தினால் தோமஸ் கூரே ஆண்டகையின் படம். அதன் கீழே சிவப்புத் தொப்பியும் தொங்கும் குஞ்சங்களுமாக அவருடைய இலச்சினை. 1965இல் அவர் கர்தினாலானபோது அச்சடித்த படமாம். பெரியவரின் தகப்பனார் வாங்கி மாட்டியது. செபம் முடிந்ததும் அவர் விரலை நீட்டி அந்த இலச்சினையைக் காட்டி, "சாமி, ரொம்ப நாளா கேக்கணும்னு. இது எந்தத் தோட்டத்து மார்க்கு?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் தம் வாழ்நாளில் பாதியைத் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க்கு அடித்தே கழித்தவர். பலகைப் பெட்டி இருந்த காலத்தில் தகட்டை வைத்துக் கறுப்பு மை பூசித் தோட்டத்தின் பெயரைப் பதிப்பார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் கொழும்பில் ஏலம் நடந்தது. படித்த நம்மில் பலர் ஆயர்மாரின் இலச்சினையைக் கடிதத் தலைப்பில் உள்ள அலங்காரம் என்றே கடந்துவிடுகிறோம். அவரோ அதை ஒரு மார்க்கு என்று கண்டுகொண்டார். மார்க்கு என்றால் உள்ளே இருப்பதற்கு யாரோ ஒருவர் பொறுப்பு.

இலச்சினையின் வரலாறும் அப்படித்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டளவில் போர்வீரர்கள் முகத்தையும் மறைக்கும் இரும்புத் தலைக்கவசம் அணிந்தார்கள். எதிரில் வருபவன் நண்பனா பகைவனா என்று தெரியவில்லை. ஆகவே கேடயத்தில் ஆளுக்கோர் அடையாளம் தீட்டினார்கள். அது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து குடும்பச் சின்னமாயிற்று. நிலமும் அதிகாரமும் வைத்திருந்த மேற்றிராணிமாரும் தங்கள் முத்திரைகளில் அதே கேடயத்தைப் பொறிக்கலானார்கள். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நல்லாயனின் வழிவந்தவர்கள் போர்வீரனின் பொருளை அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை.

ஆனால் எடுத்துக்கொண்டபோது ஒன்று செய்தார்கள். பிரபுக்களின் சின்னத்தில் கேடயத்துக்கு மேலே இருக்கும் தலைக்கவசத்தைத் திருச்சபை தன் சின்னத்தில் கழற்றிவிட்டது. அந்த இடத்தில் ஒரு தொப்பியை வைத்தது. அகன்ற விளிம்புள்ள தொப்பி. வெயிலிலும் மழையிலும் வழி நடக்கிற யாத்திரிகனின் தொப்பியைப் போன்றது. இருபுறமும் தொங்கும் கயிறுகள் காற்றில் பறந்துவிடாமல் கட்டிக்கொள்வதற்கு. அந்தக் கயிறுகளின் நுனியில் உள்ள குஞ்சங்களை எண்ணிப் பார்த்தால் ஆள் யாரென்று சொல்லிவிடலாம்: பச்சைத் தொப்பியும் பக்கத்துக்கு 6 குஞ்சமும் என்றால் ஆயர்; பச்சையிலேயே பக்கத்துக்கு 10 என்றால் பேராயர்; சிவப்பில் 15 என்றால் கர்தினால். கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் சிலுவைக்கு ஆயரானால் ஒரு குறுக்குச் சட்டம், பேராயரானால் இரண்டு. 1969இல் உரோமை, ஆயர்களின் இலச்சினையிலிருந்து மித்ரா எனும் தலையணியையும் செங்கோலையும் நீக்கச் சொன்னது. தொப்பியும் சிலுவையும் மட்டும் நின்றன. கர்தினால்மாருக்கு அந்தப் பெரிய சிவப்புத் தொப்பியை அணிவிக்கும் வழக்கமும் அக்காலத்திலேயே நின்றுவிட்டது; இன்று அது தலையில் இல்லை, சின்னத்தில் மட்டுமே உண்டு.

கேடயத்தின் உள்ளே வைப்பதுதான் அவரவர் சொந்தம். 2015 தை மாதம் இங்கு வந்து யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் புவெனஸ் அயர்ஸ் நகரின் பேராயராக வைத்திருந்த கேடயத்தையே, சிறு மாற்றங்களுடன், பாப்பரசரான பின்பும் வைத்துக்கொண்டார். இயேசு சபையின் சூரியன், தேவதாய்க்கு ஒரு விண்மீன், புனித சூசையப்பருக்கு ஒரு நார்து மலர். அந்த மலரைத் திராட்சைக் குலை என்று எண்ணியவர்கள் உலகெங்கும் பலர். ஆக, மார்க்கைத் தவறாக வாசித்தவர் நம் பெரியவர் மட்டுமல்ல!

இவற்றில் கொஞ்சத்தை அவருக்குச் சொன்னேன். "ஆயராக அபிஷேகம் பெறுமுன்பே இலச்சினையும் விருதுவாக்கும் தெரிவு செய்துவிடுவார்கள்" என்றபோது அவர் முகத்தில் ஒரு சந்தேகம்.

"நாங்க கொழுந்த வாட்டி, அரைச்சு, புளிக்க வச்சு, காயவச்சு, சலிச்சு, பெட்டியில போட்ட பொறகுதான் மார்க்கு அடிப்போம். அங்க மொதல்ல மார்க்கு, பொறகுதான் தூளா?"

வாசகர்களே, குருமடத்தில் பல ஆண்டுகள் தத்துவமும் தேவசாஸ்திரமும் படித்தவன் நான். இந்தக் கேள்வியை யாரும் அங்கே என்னிடம் கேட்கவில்லை. செய்து முடித்ததற்குப் போடும் முத்திரை சான்று. செய்யுமுன் போடும் முத்திரை கடன். ஒரு மனிதன் இன்னும் வாழாத வாழ்க்கைக்குக் கையெழுத்து வைக்கலாமா? வைத்தால், யாரிடம் அதற்குக் கணக்குக் காட்டுவான்?

கர்தினால் கூரேயின் வாழ்வை இந்தக் கேள்வியோடு பாருங்கள். 1901 மார்கழி 28ஆம் திகதி நீர்கொழும்பு பெரியமுல்லையில் பிறந்தார். அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து 1929இல் குருவானார். 1946இல் ஆயராக அபிஷேகம் பெற்று, 1947இல் பேராயர் மாசோன் ஆண்டகைக்குப் பின் கொழும்பின் பொறுப்பை ஏற்றார். அவருக்கு முன் கொழும்புப் பேராயர்களாக இருந்தவர்கள் பிரெஞ்சு நாட்டவர்கள். இந்த மண்ணில் பிறந்த முதல் பேராயர் அவரே. 1965 மாசி 22இல் இலங்கையின் முதல் கர்தினாலானார். வத்திக்கான் சங்கத்தில் அமர்ந்தவர். 1970இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வந்தபோது வரவேற்றவர். 1976இல் பதவியை விட்டிறங்கி, 1988இல் இறந்து, தாம் கட்டியெழுப்பிய தேவத்தை லங்கா மாதா பேராலயத்தில் துயில்கிறார். இன்று அவரை இறையூழியர் என்று அழைக்கிறோம்.

கேடயம் காப்பதற்கு உரியது என்றால், அவர் காத்தது எதை என்று கேட்டால், நம் வயதானவர்கள் உடனே சொல்வது பள்ளிக்கூடங்களைத்தான். 1960இல் அரசு உதவி பெறும் பள்ளிகளைக் கையேற்கச் சட்டம் வந்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் வகுப்பறைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் அங்கேயே தங்கினார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியாஸ் வந்து பேசும் அளவுக்கு அது வளர்ந்தது. முற்றுகை 1961 தொடக்கத்தில் முடிந்தது. பெரும்பாலான பள்ளிகள் போயின. ஆனால் மந்தை தன் மேய்ப்பர்களுக்குப் பின்னால் நின்றது. மேய்ப்பர்களும் மந்தைக்கு முன்னால் நின்றார்கள். இதை நன்றியோடு சொல்கிறேன்.

சொல்லிவிட்டு, மலையிலிருந்து பார்க்கிறவனாக மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கூரே ஆண்டகை பொறுப்பேற்ற மறு ஆண்டு, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்தத் தோட்டங்களை உண்டாக்கிய மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. 1964 ஐப்பசி 30ஆம் திகதி இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அதற்கு நான்கு மாதம் கழியுமுன்தான் அந்தச் சிவப்புத் தொப்பி இலங்கைக்கு வந்தது. பள்ளிக்கூடங்களுக்காக நடந்ததைப் போன்ற ஒரு முற்றுகை இந்த மக்களுக்காக நம் ஆலயங்களிலிருந்து எழவில்லை. மறைந்த ஒரு பெரியவர்மேல் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் சொல்வது குருக்களும் விசுவாசிகளுமாகிய நம் எல்லாரையும் பற்றி. கட்டடம் போனபோது நமக்கு வலித்த அளவு, பெயர்ப் பதிவேட்டிலிருந்து மனிதர் போனபோது வலிக்கவில்லை.

அன்று இதை நான் பெரியவரிடம் பேசவில்லை. அவரே பேசவைத்தார். படத்தைக் கீழே இறக்கித் தரச் சொன்னார். பின்பலகையை நகர்த்தியதும் மடித்த காகிதமொன்று வெளியே வந்தது. அவருடைய தகப்பனார் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு நிராகரிக்கப்பட்டது என்று அறிவிக்கும் கடிதம். "பத்திரமா இருக்கட்டும்னு அப்பா இதுக்குப் பின்னாலதான் வச்சாரு" என்றார். நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. தகப்பனார் அதற்கு வெகு காலம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

தமக்குக் கிடைக்காத நாட்டின் கடிதத்தை ஒரு தொழிலாளி எங்கே கொண்டுபோய் ஒளித்தார், பாருங்கள்! அவர் அந்த இலச்சினையை வாசிக்கத் தெரியாதவர். அதைக் கேடயம் என்றே நினைத்துவிட்டார்.

பேராயருக்குரிய இன்னோர் அடையாளம் பாலியம். தோளைச் சுற்றி அணியும் வெள்ளைக் கம்பளிப் பட்டி. உரோமையில் ஆண்டுதோறும் தை 21இல், புனித ஆக்னஸ் திருநாளன்று, இரண்டு ஆட்டுக்குட்டிகளை ஆசீர்வதிப்பார்கள். அந்தக் குட்டிகளின் மயிரும் சேர்ந்து பாலியமாக நெய்யப்படும். காணாமற்போன ஆட்டைத் தோளில் சுமந்து வந்த ஆயனை அது நினைவூட்டுகிறது. கம்பளியின் அருமையைப் பட்டிப்பொல மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நம் முன்னோருக்கும் தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அதன் விலையைக் கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டும் ஆட்டு மயிர்தான். ஒன்று மந்தையைச் சுமக்க வேண்டியவரின் தோளில், மற்றொன்று கூடையைச் சுமந்தவளின் தோளில். பாலியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மற்றக் கம்பளியும் நினைவுக்கு வருகிறது. அது என் குறையாகவே இருக்கட்டும்.

அப்படியானால் இந்த இலச்சினைகளே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அப்படிச் சொன்னவர்கள் உண்டு. இங்கே ஓர் அதிசயமான செய்தி. கர்தினால் ஒவ்வொருவருக்கும் உரோமையில் ஓர் ஆலயம் ஒப்படைக்கப்படும். அவருடைய இலச்சினையை அங்கே வைப்பது வழக்கம். கூரே ஆண்டகைக்குக் கிடைத்தது புனித நெரேயு, அக்கிலேயு ஆலயம். யார் இவர்கள்? உரோமைப் போர்வீரர்கள். மனந்திரும்பியதும் தங்கள் கேடயத்தையும் பதக்கங்களையும் ஆயுதங்களையும் எறிந்துவிட்டுப் போனவர்கள் என்று 4ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் தமாசு அவர்கள் கல்லறையில் கல்வெட்டு வைத்தார். அந்தக் கல்லறை இருப்பது தொமித்தில்லா சுரங்கக் கல்லறையில். 1965 கார்த்திகை 16ஆம் திகதி, சங்கம் முடியும் தறுவாயில், சுமார் 40 ஆயர்கள் அங்கே கூடித் திருப்பலி ஒப்புக்கொடுத்து ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பொன் வெள்ளிச் சின்னங்கள் வேண்டாம், பெருமைப் பட்டங்கள் வேண்டாம், தம் பெயரில் சொத்து வேண்டாம், சாதாரண மக்களைப் போல் வாழ்வோம் என்று. கேடயத்தை எறிந்தவர்களின் கல்லறையருகே, மீண்டும் ஓர் எறிதல்.

நம் மலையிலும் அந்தக் காற்று வீசியது. 1959 முதல் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது கண்டியை விட்டு அங்கே போனார். வளமான ஆசனத்திலிருந்து ஏழை ஆசனத்துக்கு. கண்டியிலிருந்து பதுளைக்குப் போகும் புகையிரதப் பாதை பட்டிப்பொலவில்தான் உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்குகிறது.

ஆயினும் என் மனம் எறிபவர்கள் பக்கம் முழுதாகச் சாயவில்லை. சின்னத்தை எறிந்துவிட்டால் கடனும் தீர்ந்துவிடுமா? மார்க்கு இல்லாத பெட்டியில் கெட்ட தூள் இருந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது? கேடயத்தை மாட்டிக்கொண்டவரிடமாவது, "ஆண்டகை, இது எதற்கு?" என்று ஒரு தொழிலாளி கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும்வரை சின்னம் இருக்கட்டும் என்பதே என் எண்ணம். பொன்னில் வேண்டாம், மையில் போதும்.

அடுத்த முறை போனபோது நெரேயு, அக்கிலேயு கதையைப் பெரியவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"கேடயத்தத் தூக்கி எறிஞ்சவங்க கோயில்லயேவா சாமி, இவரு கேடயத்தக் கொண்டுபோய் வச்சாங்க?"

"ஆமாம், அங்கேதான்."

"அப்ப அவங்க தெனம் பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

படத்தை மறுபடி ஆணியில் மாட்டச் சொன்னார். காகிதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். பழையபடி பின்னாலேயே வைக்கச் சொன்னார், வைத்தேன்.