பெற்றுக்கொள்ளாத பணம்

அமெரிக்க அரசின் கருவூலத்தில் ஒரு தொகை கிடக்கிறது. 1980-ல் பத்துக் கோடி டாலருக்குச் சற்று மேல். வட்டி சேர்ந்து இன்று நூறு கோடியைத் தாண்டிவிட்டது. உரியவர்கள் யாரென்று தெரியும், எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த நாட்டின் மிக ஏழ்மையான பிரதேசங்களில் ஒன்று அவர்களுடையது. வாங்கிக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். வங்கிக் கவுண்டரில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், சமீபத்தில் என்னை இவ்வளவு தொந்தரவு செய்த தத்துவப் பிரச்னை வேறில்லை. கேட்பாரற்ற வைப்புகளை நான் அறிவேன். பத்து வருஷமாக யாரும் தொடாத கணக்குகளை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றும் பட்டியலை நானே தயாரித்திருக்கிறேன். அவையெல்லாம் சாவினாலோ மறதியினாலோ அநாதையானவை. இங்கே உரியவன் உயிரோடு, நினைவோடு, வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கிறான்.

டென்வரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அமெரிக்க நண்பர் ஒருவர் தம் காரில் தெற்கு டக்கோட்டாவுக்குக் கூப்பிட்டார். மதுரையில் தமிழ் படிக்க வந்த நாட்களில் பழக்கமானவர். நம் புதுக்கவிதையை நம்மில் சிலரைவிடக் கவனமாகப் படித்தவர். அவருடைய தந்தை இறந்தபின் குடும்ப நிலத்தை விற்றுவிடுவதென்று உடன்பிறந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். இவர் கையெழுத்து மட்டும் பாக்கி. மலை வழியாகப் போய்ப் புல்வெளி வழியாக நிலத்தைச் சேரலாம் என்றார். பயணக் கட்டுரை எழுதும் உத்தேசம் எனக்கில்லை. நயாகராவின் முன் நின்று பிரமிப்பதற்கு வாராந்தரிகளில் ஒரு வர்க்கமே இருந்தது, அவர்கள் பிரமித்துத் தீர்த்துவிட்டார்கள்.

பிளாக் ஹில்ஸ் என்னும் அந்த மலைகள் தூரத்திலிருந்து உண்மையிலேயே கறுப்பாகத் தெரிகின்றன. அடர்ந்த பைன் மரங்களின் கறுப்பு. சூ என்று வெளியார் அழைக்கும் லக்கோட்டா மக்களுக்கு அவை பஹா சாப்பா. 1868-ல் ஃபோர்ட் லாரமி உடன்படிக்கை இந்த மலைகளை அவர்களுக்கென்று உறுதி செய்தது. வயதுவந்த ஆண்களில் நாலில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் ஓர் அங்குலம்கூட யாருக்கும் போகாது என்று ஷரத்து. 1874-ல் கஸ்டரின் படை உள்ளே போய்த் தங்கம் கண்டது. அதன்பின் நடந்ததைச் சொல்ல அதிக வார்த்தை தேவையில்லை. மலையைக் கொடுக்காவிட்டால் ரேஷன் கிடையாது என்றார்கள். பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டார்கள். 1877-ல் காங்கிரஸ் அதைச் சட்டமாக்கியது.

இதற்கு நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1877-ல் நிலத்தின் மதிப்பு 1 கோடியே 71 லட்சம் டாலர், 5 சதவீதம் தனிவட்டி, 103 வருஷம். மோட்டல் அறையின் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; சரியாகத்தான் வருகிறது. அதையே வருஷந்தோறும் கூட்டுவட்டியாகப் போட்டால் 260 கோடி. நண்பரிடம் காகிதத்தை நீட்டி, "எங்கள் ஊர் லேவாதேவிக்காரன்கூட நூறு வருஷக் கடனுக்குத் தனிவட்டி போடமாட்டான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இருநூத்தறுபது கோடி குடுத்திருந்தா வாங்கியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

பிரச்னை இந்த இடத்தில்தான் இருக்கிறது. எண் போதாது என்று சொல்கிறவன் ஏற்கனவே எண்ணின் உலகத்துக்குள் வந்துவிட்டவன். நம் நாட்டில் 1894-ம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ஒரு வசதி இருந்தது. அதன் இடத்தில் வந்த 2013-ம் வருஷத்துச் சட்டத்திலும் இருக்கிறது. நிலம் பறிபோனவன் தொகையை 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து வாங்கலாம். ஆனால் ஆட்சேபம் எதைப் பற்றி? தொகை போதுமா என்பதைப் பற்றி மட்டும். எவ்வளவு என்று சண்டை போட இடமுண்டு. இதை ஏன் எவ்வளவு என்று கேட்கிறாய் என்று சண்டை போட இடமில்லை. பை நிறையப் பத்திரங்களோடு அந்தப் பணத்தைக் கணக்கில் போட வருகிற விவசாயிகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பணம் வந்த முகமாக அது இருப்பதில்லை. செலானில் கையெழுத்திடும்போது ஒரு கணம் பேனா நிற்கும். அந்தக் கணத்தைத்தான் லக்கோட்டாக்கள் 1980-லிருந்து நீட்டித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கான்ட் இங்கே உதவுவார் என்று நினைப்போம். விலையுள்ளவை ஒரு வகை, விலைக்கு அப்பாற்பட்ட கௌரவம் உள்ளவை இன்னொரு வகை என்று பிரித்தவர் அவர். ஆனால் கௌரவத்தை மனிதனுக்கு மட்டுமே வைத்துக்கொண்டார். மலை அவருக்கு வெறும் பொருள். ரஷ்மோர் என்று இன்று அழைக்கப்படும் பாறைக்கு லக்கோட்டாக்கள் இட்ட பெயர் 'ஆறு பாட்டனார்கள்'. உறவுமுறை சொல்லி அழைக்கப்படுவது பொருளா, ஆளா? கான்ட்டின் அட்டவணையில் பாட்டனாக இருக்கும் பாறைக்குக் கட்டம் இல்லை. அந்தப் பாட்டனார்களின் மேல்தான் 1927-லிருந்து 1941 வரை வெடி வைத்து நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கினார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, காரை நிறுத்தத்தான் கட்டணம். பக்கத்திலுள்ள உயர்ந்த சிகரத்துக்கு, 1855-ல் லக்கோட்டா முகாமொன்றில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற படையின் தளபதி ஹார்னியின் பெயர் இருந்தது. 2016-ல் அதை மாற்றி, பிளாக் எல்க் என்ற லக்கோட்டாப் பெரியவரின் பெயரை வைத்தார்கள். பெயரைத் திருப்பிக் கொடுக்கச் செலவாகாது. மலைகளின் பெரும்பகுதி இன்றும் அரசு வனம்தான். தனியார் வீடு எதையும் தொடாமல் அரசு நிலத்தை மட்டும் திருப்பித் தரலாம் என்று 1985-ல் செனட்டர் பில் பிராட்லி மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை.

மறுப்பை இப்படி வியந்துகொண்டே போவது சுலபம். பசித்த குழந்தைகளின் பெயரில் பணத்தை வாங்கிவிடலாம் என்று சொல்பவர்களும் அவர்களிடையே உண்டு. அவர்களைக் கோழைகள் என்று நினைக்க, மாதம் பிறந்தால் சம்பளம் கணக்கில் ஏறும் எனக்கு யோக்யதை கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மலைகளின் நடுவே, பைன் காட்டுக்குள் வழுக்கை விழுந்தாற்போல ஒரு புல்வெளி. பே ஸ்லா என்று பெயர். அவர்களுக்குப் புனிதமான இடம். 2012-ல் அது ஏலத்துக்கு வர இருந்தபோது சூ இனக்குழுக்கள் சேர்ந்து 90 லட்சம் டாலர் கொடுத்து வாங்கின. விற்க மறுத்ததை விலை கொடுத்து வாங்கினார்கள்! தர்க்கத்தில் இது முரண்பாடு. வாங்குவதென்றால் விற்றவனுக்கு உரிமை இருந்ததாக ஒப்புக்கொள்வதல்லவா? புல்வெளியின் ஓரம் காரை நிறுத்தி இதை வெகுநேரம் பேசினோம். கடத்தப்பட்ட குழந்தையை மீட்கப் பணயம் கொடுப்பவன் அது கடத்தினவனின் குழந்தை என்று ஒப்புக்கொள்வதில்லை என்றார் நண்பர். எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது, முழுக்கத் திருப்தியில்லை. பணயத்துக்கு யாரும் பத்திரம் பதிவதில்லை.

மலை முடிந்ததும் புல்வெளி தொடங்குகிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காற்று, உருட்டி வைத்த வைக்கோல், அப்புறம் வால் என்ற ஊரின் மருந்துக்கடை இலவச ஐஸ் தண்ணீரும் ஐந்து சென்ட் காப்பியும் தருவதாக மைல் கணக்கில் நிற்கும் விளம்பரப் பலகைகள். பைன் ரிட்ஜில் வூண்டட் நீ கல்லறைமேட்டில் இறங்கினோம். 1890 டிசம்பர் 29-ல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்களை ஒரே குழியில் புதைத்திருக்கிறது. நண்பர் காரை விட்டு வந்தார், வேலிக்குள் வரவில்லை.

அவர் குடும்ப நிலம் அங்கிருந்து கிழக்கே. 1889-ல் இன்னொரு சட்டம் லக்கோட்டாக்களின் நிலத்தைத் துண்டாடி, மீதியை உபரி என்று குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. ஐந்து வருஷம் குடியிருந்து உழுதவனுக்கு 160 ஏக்கர். உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் என்ற லாக்கின் தத்துவம் நேரடியாகச் சட்டமான இடம். முதல் மூன்று வருஷத்தில் வந்தவர்கள் ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கட்டவேண்டும். "எங்க தாத்தாவோட அப்பா சும்மா வாங்கல. காசு கட்டினாரு, ரசீது இருக்கு. வீட்ல எல்லாரும் இதத்தான் சொல்வாங்க, நானும் சொல்லிட்டுத்தான் இருந்தேன்" என்றார். ரசீதைக் காட்டினார். சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஒழுங்கான ரசீது, ஒரு குமாஸ்தா கவனமாக எழுதியது.

தன் பங்கை மறுத்துவிடலாமா என்பதுதான் அவர் என்னிடம் கேட்க விரும்பிய கேள்வி என்று அப்போது தெரிந்தது. மறுத்தால் அது அண்ணனுக்கும் தங்கைக்கும் போகும், அவ்வளவுதான். இழந்தவன் மறுக்கும்போது கணக்கு மூடாமல் இருக்கிறது. அடைந்தவன் மறுத்தால் அவனுடைய மனம் மட்டும் சுத்தமாகிறது. நிலத்துக்கு ஒன்றும் நேர்வதில்லை. இதைச் சொன்னேன். "அப்ப வாங்கிக்கச் சொல்றீங்க" என்றார். வாங்கினால் அது உங்கள் கையில் இருக்கும், அதை என்ன செய்வது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டிவரும் என்றேன்.

கையெழுத்துப் போட்டார். காசோலை வந்து நாலு மாதமாகிறதாம், இன்னும் வங்கியில் போடவில்லை. ஆறு மாதம் தாண்டினால் அங்குள்ள வங்கிக்குப் பணம் தரவேண்டிய கட்டாயம் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.