உழைக்காமல் உண்பது திருட்டா?

தன் உணவுக்குத் தானே பாடுபடுவது வெறும் சிக்கனமா, அறமா? காந்தி அதை அறமென்றே கொண்டார். வேள்வி செய்யாமல் உண்பவன் திருடன் என்னும் கீதையின் மூன்றாம் அத்தியாயக் கருத்தில், வேள்வி என்பதற்கு உடலுழைப்பு என்றே அவர் பொருள் கண்டார். டால்ஸ்டாயும் அதற்கு வழிகாட்டினார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர் பலர் வாழ்ந்தார்கள். கோதுமையைக் கைத்திரிகையில் அரைத்து ரொட்டி சுட்டார்கள், செருப்பும் தைத்தார்கள்.

தேரவாத பௌத்த மரபு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. பிக்கு மண்ணைத் தோண்டக்கூடாது, உணவை மறுநாளுக்கு வைத்திருக்கக்கூடாது. அன்றாடம் பிறர் இடுவதையே உண்ண வேண்டும். தன்னிறைவு செருக்கை வளர்க்கும் என்ற அச்சம் இதன் பின்னே இருக்கலாம்; அதை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் டால்ஸ்டாய் பண்ணையும் தனித்து நின்றதல்ல. 1,100 ஏக்கர் நிலம் காந்தியின் நண்பர் காலன்பாக் தந்தது. செருப்புத் தொழில் டிராப்பிஸ்ட் கிறித்தவத் துறவிகளிடம் காலன்பாக் கற்றுவந்தது. திரிகையைச் சுற்றியவனுக்கு மாவின் விலை உடம்பில் தெரியும். பிச்சைப் பாத்திரம் ஏந்தியவனுக்கும் இட்ட கை தெரியும். இருவரும் மற்றவர் உழைப்பை மறக்க முடியாது. மருத்துவரும் நெசவாளியும் நெல் விளைவிக்க நேரமேது என்று கேட்கலாம். எல்லாவற்றையும் எல்லோரும் விளைவிக்க வேண்டியதில்லை. என் கவலை வேறு: வீட்டுத் தோட்டமும் ஊறுகாய்ச் சாடியும் பெண்ணின் தோளில் மட்டும் ஏறினால், அங்கே வேள்வி செய்பவள் ஒருத்தி, உண்பவர் பலர்.