எதிர்வாதிக்கு ஓர் இருக்கை

பங்சார் நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த பங்சாரும், லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம் எழுந்த நிலமும் அவ்வளவு அண்டையில் இருப்பவை. அந்த வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. சீன ஆய்வியல் இருக்கிறது. மலாய் மொழிக்கும் இஸ்லாமியக் கல்விக்கும் தனித்தனிக் கழகங்கள் இருக்கின்றன. தத்துவத்துக்கென்று ஒரு துறை மட்டும் இல்லை. மலேசியத் தமிழரிடையே இதை ஒரு குறையாக யாரும் பேசுவதில்லை. கோயிலுக்கு நிலம், தமிழ்ப்பள்ளிக்கு மானியம், தமிழுக்கு ஆசிரியர் என்று கேட்டுப் பழகிய நமக்குத் தத்துவத் துறை என்பது வசதியானவர்களின் ஆசையாகத் தோன்றலாம். ஆனால் அந்த இன்மையால் முதலில் இழப்பவர்கள் சைவர்கள்தாம் என்று நினைக்கிறேன். தமிழ்ச் சைவம் தன்னை எப்படி வாதிட்டு நிலைநாட்டிக்கொண்டதோ அந்த முறைக்கு, பக்தர் கூடும் மண்டபத்தைவிடத் தத்துவத் துறையின் வகுப்பறையே நெருங்கியது.

வரலாற்றை ஒருமுறை பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் பிறந்தது. 1959-இல் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரண்டு தன்னாட்சிப் பிரிவுகளாயிற்று. 1962-இல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. இதற்கிடையே 1956-இல் தொடங்கியதுதான் இந்திய ஆய்வியல் துறை. அதன் பிறப்பே ஒரு போராட்டம். ஆலோசனை சொல்ல வந்த வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரப் பரிந்துரைத்தார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுந்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். கூலித் தொழிலாளர் உட்படச் சாதாரண மக்கள் வெள்ளிக்காசுகளாகக் கொடுத்தார்கள், தமிழ் இடம்பெற்றது. 1961-இல் தனிநாயகம் அடிகள் வந்து துறையை நடத்தினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவரே முதற்காரணம். இவை பெரிய வெற்றிகள், அவற்றின் மதிப்பைக் குறைக்க மாட்டேன். எனினும் அந்தப் போராட்டம் எந்த மொழி என்பதோடு நின்றுவிட்டது. அந்த மொழியில் எழுந்த எந்தச் சிந்தனை, எந்த முறையில் ஆராயப்படும் என்ற கேள்வி எழவே இல்லை. மணிமேகலை இலக்கியப் பாடமாயிற்று, திருமந்திரம் பக்தி இலக்கியமாயிற்று. அவற்றுக்குள் இருக்கும் வாதம் சரியா தவறா என்று கேட்பது யாருடைய வேலையாகவும் ஆகவில்லை.

அந்த வேலையை ஒரு துறை எப்படிச் செய்யும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் நல்ல சான்று. அங்கே தத்துவத் துறை 1927-இல் தொடங்கியது. எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரி அதை வழிநடத்தினார். அவருடைய தொடக்கக்கால நூல்களில் ஒன்று ஸ்ரீகண்டரின் சிவாத்துவைதத்தைப் பற்றியது, 1930-இல் வந்தது. பிரம்மசூத்திரத்துக்குச் சைவநிலையில் பாஷ்யம் எழுதிய ஒருவரை, வேதாந்தத்தில் ஊறிய ஓர் அறிஞர் அவருடைய வாதங்களை வைத்தே எடைபோட்டார். அது அடியார் செய்யும் வேலை அன்று, எதிரி செய்யும் வேலையும் அன்று. மூன்றாவதாக ஒரு நிலை உண்டு என்பதைத் துறை என்ற அமைப்புத்தான் காட்டியது. அவருக்குப் பின் டி.எம்.பி. மகாதேவன் பல பத்தாண்டுகள் துறையைக் கட்டிக் காத்தார். 1964-இல் அது தத்துவத்துக்கான உயராய்வு மையமாயிற்று.

அந்தச் சூழலில் உருவான வேலைகளில் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வ.ஆ. தேவசேனாபதி சிவஞான சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் வைத்துச் சைவ சித்தாந்தத்தை ஆராய்ந்த நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-இல் வெளியிட்டது. ஆறு உரைகள் என்பதுதான் இங்கே முக்கியம். கோயில் வகுப்பில் ஆசிரியர் ஓர் உரையைக் கையில் எடுப்பார், பெரும்பாலும் அவருடைய மடத்து மரபின் உரையை. மற்ற உரைகாரர் அங்கே வருவதில்லை, வந்தாலும் தவறிழைத்தவராகவே வருவார். அந்த உரைகாரருள் ஒருவரான, யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரம் சென்ற ஞானப்பிரகாசர், முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகிறது என்ற கருத்தின் பக்கம் சாய்ந்தார். 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அதை மறுக்க ஒரு தனி நூலே எழுதினார். ஆறு உரைகளையும் ஒரே மேசையில் விரித்துவைக்கும்போது, சித்தாந்தம் என்பது முடிந்துபோன விடையாக இல்லாமல், உள்ளுக்குள்ளேயே தீராத ஒரு வழக்காகத் தெரிகிறது. மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் நீலகேசியைச் சமயதிவாகர உரையோடு பதிப்பித்ததும் இந்த வகை வேலைதான். ஒரு சமணப் பெண் ஊர் ஊராகப் போய் பௌத்தரோடும் பிறரோடும் வாதிடும் அந்தக் காவியத்தைத் தமிழ்ப் பண்டிதர் செய்யுளாகப் படிப்பார். தத்துவப் பேராசிரியர் அதை வழக்கு மன்றமாகப் படித்தார்.

சென்னையின் கதையில் குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்தால் என் வாதம் நேர்மையற்றதாகிவிடும். துறையின் மையம் நெடுங்காலம் அத்துவைத வேதாந்தமாகவே இருந்தது. ஆய்வு மொழி ஆங்கிலம். தமிழ் மூலம் மட்டுமே அறிந்த ஒரு கிள்ளான் வாசகருக்கு அந்த நூல்களில் பெரும்பாலானவை இன்னும் எட்டாதவை. 1983-இல் சைவ சித்தாந்தத்துக்கென்று தனித் துறை வந்தது. வைணவத்துக்கும் சமணவியலுக்கும் கிறித்தவ ஆய்வுக்கும் தனித் துறைகள் அமைந்தன. இதனால் ஒவ்வொரு மரபுக்கும் கவனம் கிடைத்தது உண்மை. ஆனால் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாதிட்டிருக்க வேண்டியவர்கள் அடுத்தடுத்த அறைகளுக்குப் போனார்கள். சைவத்துக்கு ஒரு துறை கிடைத்தது, அந்தத் துறைக்குள் சைவத்தை மறுப்பவர் யார் என்ற கேள்வி நின்றது. கோலாலம்பூர் பின்பற்ற வேண்டியது 1927-இன் சென்னையை, 1983-இன் சென்னையை அன்று.

இதைச் சொல்லும் தைரியம் எனக்குச் சித்தியாரிலிருந்தே கிடைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அதை இரண்டு பகுதிகளாக எழுதினார். முதலில் பரபக்கம், பிறகுதான் சுபக்கம். தன் கொள்கையைச் சொல்லும் முன் உலகாயதர், நால்வகைப் பௌத்தர், நிகண்டவாதி, ஆசீவகர், மீமாஞ்சகர், மாயாவாதி, சாங்கியர், பாஞ்சராத்திரி எனப் பதினான்கு தரப்புகளை ஒவ்வொன்றாக அழைத்து, அவர்கள் சொல்வதை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, பிறகே மறுக்கிறார். சுபக்கத்திலும் எடுத்தவுடன் இறைவனைப் பற்றிப் பேசிவிடவில்லை. அளவை இயல் முன்னால் வருகிறது: நமக்கு ஒன்று தெரியும் என்று எப்போது சொல்லலாம், எதைச் சான்றாகக் கொள்ளலாம் என்ற ஆராய்ச்சி. பத்து அளவைகளை எண்ணிக் காட்டி, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அவற்றை அடக்குகிறார். இன்று நம் வகுப்புகளில் பரபக்கத்தைப் புரட்டுவோர் அரிது. பௌத்தரும் ஆசீவகரும் போய்விட்டார்களே, அதை எதற்குப் படிப்பது என்கிறார்கள். எதிர்வாதியை நீக்கிவிட்டு விடையை மட்டும் மனப்பாடம் செய்தால் அது எதற்கு விடை என்பதே மறந்துபோகும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எளிதில் தள்ளத்தக்கது அன்று. சித்தாந்தம் அறிவு விளையாட்டு இல்லை, சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிப்படியாக வாழ்ந்து, குருவருளால் பெற வேண்டியது என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் வணங்கி நிற்பவருக்கு அளவை இயல் எதற்கு? வணங்குவதற்கு அது தேவையில்லை என்று முழுமனத்தோடு ஒப்புகிறேன். தேவாரம் பாடும் ஒரு பாட்டியின் அன்பு எந்த ஆய்வேட்டுக்கும் குறைந்ததன்று. ஆனால் அந்த மறுப்பை எழுப்புகிறவர்கள் அனுபவத்தோடு நிற்பதில்லை. உயிர்கள் பல, அவை அநாதி, மலம் என்றொரு பொருள் உண்டு, கன்மம் பிறவிக்குக் காரணம் என்று கூற்றுகளை முன்வைக்கிறார்கள், பிறருக்கும் போதிக்கிறார்கள். கூற்று என்று வந்த பின் சான்று கேட்கும் உரிமை கேட்பவருக்கு வந்துவிடுகிறது. அருணந்தியும் அந்த உரிமையை மதித்ததால்தான் அளவையை முன்னால் வைத்தார்.

இன்னொரு மறுப்பு மென்மையானது, பலர் வெளியே சொல்லத் தயங்குவது. இங்கே நாம் சிறுபான்மை. நம் கோயில்களே வழக்குகளுக்குள் சிக்கும்போது, நம் சமயத்தை நாமே பொதுக் கூடத்தில் கேள்விக்கு உட்படுத்தினால் அது பிறர் கையில் ஆயுதமாகாதா? இந்த அச்சம் நியாயமானது. வாதம் தவறான இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சான்று உண்டு. 1637-இல் சுமத்ராவின் ஆச்சே அரசவைக்கு வந்த குஜராத்தைச் சேர்ந்த நூருத்தீன் ரானிரி, மலாய்க் கவிஞர் ஹம்சா பன்சூரியின் வழிவந்த உஜூதியா என்னும் ஞானநெறியை மறுத்தார். அரசன் அவர் பக்கம் நின்றான். ஹம்சாவின் நூல்கள் எரிக்கப்பட்டன, அவர் வழியினர் கொல்லப்பட்டனர். 1644-இல் நிலைமை மாறியது, ரானிரியே வெளியேறினார். நாம் இதைக் கேட்டு விலகி நிற்க முடியாது. மதுரையில் வாதில் தோற்ற சமணர் கழுவேறியதாகச் சொல்லும் கதை நம் பெரியபுராணத்திலும் இருக்கிறது. வாதத்துக்குப் பின்னால் அரசன் நிற்கும்போது விடை எரியூட்டலிலோ கழுமரத்திலோ முடிகிறது. அதனாலேயே, தோற்றவர் மறுநாளும் வகுப்புக்கு வரக்கூடிய ஓர் இடம் வேண்டும். சிறுபான்மைக்கு அந்த இடம் மற்றவர்களைவிட அதிகமாக வேண்டும்.

கோலாலம்பூரில் அத்தகைய துறை எதை ஆராயும் என்று கேட்டால், உலகில் வேறெங்கும் இவ்வளவு இயல்பாகக் கைக்கு எட்டாத ஒரு பொருள் இங்கே காத்திருக்கிறது. ஆச்சேயில் எழுந்த கேள்வி, உலகம் இறைவனிலிருந்து வேறா, ஒன்றா என்பது. சையது முகம்மது நகீப் அல்-அட்டாஸ் ரானிரியைப் பற்றி 1966-இலும் ஹம்சாவின் ஞானநெறியைப் பற்றி 1970-இலும் எழுதிய நூல்கள் இந்த ஆய்வுக்கு அடித்தளமானவை. ஹம்சா சொன்னதை ரானிரி சரியாகத்தான் புரிந்துகொண்டாரா என்று அவர் எழுப்பிய வினா, மாயாவாதி சொன்னதைச் சித்தியார் சரியாகத்தான் எடுத்துரைக்கிறதா என்ற வினாவுக்கு உடன்பிறப்பு. சித்தாந்தம் அத்துவிதம் என்ற சொல்லை ஒருமை என்று கொள்ளாமல் பிரிவின்மை என்று கொண்டது; ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கும் தொடர்பு என்றது. இந்த மூன்றாம் வழி ஹம்சாவுக்கும் ரானிரிக்கும் நடுவில் எங்கே நிற்கும்? படைப்பைப் பற்றியும் அப்படியே. தோன்றி நின்று அழியும் உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என்ற வாதம் சித்தாந்தத்துக்கும் இஸ்லாமிய இறையியலான கலாம் மரபுக்கும் பொது. ஆனால் சித்தாந்தி குயவனோடு மண்ணையும் வைக்கிறார், மாயை என்ற அந்த மண் என்றும் உள்ளது என்கிறார். உலகம் அநாதி என்ற தத்துவவாதிகளை 11-ஆம் நூற்றாண்டில் எதிர்த்த கஸ்ஸாலி இதைக் கேட்டிருந்தால் அந்த மண் எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்டிருப்பார். சித்தாந்தி என்ன சொல்வார்? சித்தியார் ஒரு கட்டடத்திலும் ரானிரி மறு கட்டடத்திலும் இருக்கும் வரை இதற்கு விடை தேடுவது யார் பொறுப்பும் ஆகாது.

வேலை கிடைக்காத படிப்பு இது என்பவர்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். மலேசிய உயர்கல்வியில் 'பல்சாபா டான் இசு செமாசா', அதாவது தத்துவமும் நடப்புச் சிக்கல்களும், சில ஆண்டுகளாகக் கட்டாயப் பாடங்களுள் ஒன்று. மருத்துவம் படிப்பவரும் கணக்கியல் படிப்பவரும் தத்துவ வகுப்பில் உட்காரத்தான் செய்கிறார்கள். அங்கே அளவை இயலையும் மணிமேகலையின் பௌத்தத் தருக்கத்தையும் எடுத்துக்காட்டாக வைக்கக்கூடிய ஆசிரியரை எந்தத் துறை பயிற்றும் என்பதே கேள்வி. இலங்கைத் தமிழர் மெய்யியல் என்ற பெயரில் இதைத் தமிழிலேயே பல்கலைக்கழகப் பாடமாக நடத்திவருகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சோ. கிருஷ்ணராஜா சைவ சித்தாந்தத்தின் அறிவாராய்ச்சியியலைத் தமிழில் எழுதினார். மெய்யியல் நல்ல பெயர் என்று எனக்குப் படுகிறது. சித்தாந்தத்தில் தத்துவம் என்றாலே முப்பத்தாறு தத்துவங்கள்தாம் நினைவுக்கு வரும், அந்தக் குழப்பம் மெய்யியலுக்கு இல்லை.

இங்கே அந்தத் துறை வந்தால் பெரிதும் மலாயில்தான் நடக்கும், அதில் வருந்த ஒன்றுமில்லை. மணிமேகலை வடமொழித் தருக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது பக்கம், ஏது, திட்டாந்தம் என்று சொற்களை வார்க்க வேண்டியிருந்தது. சித்தியாரை மலாய்க்குக் கொண்டுபோகிறவருக்கு அதே வேலை காத்திருக்கிறது. அத்துவிதத்துக்கு என்ன சொல் போடுவார்? மலாயில் ஒன்று எனப் பொருள்படும் 'சத்து' என்று ஒருமையைச் சொன்னால் ரானிரியின் வாசகர் காதில் அது உஜூதியாவாகவே விழும், சிவஞான முனிவரும் ஒப்ப மாட்டார். இரண்டு என்று தொனிக்கும் சொல்லை எடுத்தால் அருணந்தியின் குரு மெய்கண்டார் செய்த வேலையே வீணாகும். முத்தியைச் சொல்லும் இடத்தில் சமம் என்ற பொருள் சிறிது கலந்துவிட்டால் ஞானப்பிரகாசர் உள்ளே வந்துவிடுவார், உடனே பழைய மறுப்பைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடியும் எழுத வேண்டும். அந்த ஒரு சொல்லை முடிவு செய்ய ஒரு சைவரும், ஒரு மலாய் முஸ்லிமும், இரண்டையும் நம்பாத ஒருவரும் ஒரே மேசையைச் சுற்றிப் பல மாதங்கள் உட்கார வேண்டியிருக்கும்.