காற்றை அளக்கும் கருவியும் கல்பைக் கேட்கும் கேள்வியும்

அல்லாஹு தஆலா விலையின்றி வழங்கிய அருட்கொடைகளுள் முதன்மையானது காற்று. சோற்றை உனக்கு, எனக்கு என்று பங்கு வைக்கலாம். ஓர் அறையின் காற்றைப் பங்கு வைக்க முடியுமா? ஒருவர் விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் இழுக்கிறார். ஆதலின் காற்றைக் கெடுப்பது பிறர் ஹக்கில் கை வைப்பதாகும்.

கூத்தாநல்லூர், ராஜகிரி, அதிராம்பட்டினம் முதலிய நம் காவிரிப் படுகை ஊர்களிலிருந்து பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து சென்று பொருளீட்டி வருகிறார்கள். இன்று அயல்நாட்டுப் பொருள்களோடு சில வீடுகளில் மின்சிகரெட்டும் நுழைந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்தது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் அதை வைத்திருப்பதே குற்றம். ஆனால் வீட்டின் உள்ளறையைச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஐப்பசி அடைமழை. கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கின்றன. விடுமுறையில் வந்த மகன் உள்ளே ஊதுகிறான். கூடத்தில் இளைப்பு நோயுள்ள தாயார் மூச்சு முட்டுகிறது என்கிறார். "வெறும் ஆவிதானே உம்மா! சந்தேகமென்றால் மெஷின் வாங்கி அளந்து பாருங்களேன்" என்கிறான் மகன். அளந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமா?

அது நீராவியன்று. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகிய திரவங்கள் சூடேறி எழும் நுண்துளிகள். பெரும்பாலும் அதில் நிகோடினும் உண்டு. கடையில் விற்கும் சிறு கருவி, ஒளி சிதறுவதைக் கொண்டு துகள்களைக் கணக்கிடுகிறது. சாம்பிராணிப் புகை எது, மின்சிகரெட் எது என்று அதற்குத் தெரியாது. மார்கழிப் பனியின் ஈரத்தையும் துகளென்றே எண்ணிவிடும். மின்சிகரெட்டின் துளிகள் விரைவில் உலர்ந்து மறைய, எண்ணும் இறங்கிவிடும். நிகோடினோ சுவரிலும் திரைச்சீலையிலும் படிந்திருக்கும். அதைக் கண்டறிய, மருந்து தோய்த்த வடிதாளை அறையில் தொங்கவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அல்லது அருகிருந்தவரின் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ கோட்டினைன் என்னும் பொருளைச் சோதிக்க வேண்டும். ஆகவே எண் ஏறியதால் மகன் குற்றவாளி என்றோ, ஏறாததால் காற்று தூயது என்றோ கூற இயலாது.

மார்க்கம் காட்டும் வழி எளிது. பச்சைப் பூண்டு உண்டவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பூண்டு ஹலாலான உணவு. எனினும் அருகில் நிற்பவர் படும் தொல்லையே தடுப்பதற்குப் போதுமாயிற்று! புகையிலை பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஹராம் என்போரும் மக்ரூஹ் என்போரும் இருக்க, 1731இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனீ நாபுலுஸி (ரஹ்) அவர்கள் ஆகுமென்றே நூல் எழுதினார்கள். அது ஊதுவதைப் பற்றிய விவாதம். பிறருக்குத் தீங்கிழைக்க அதில் அனுமதி தேட இடமில்லை. எனவே ஆதாரம் காட்டும் பொறுப்பு மூச்சு முட்டும் தாயாருடையதன்று, காற்றில் கலக்கின்றவனுடையது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் சூரத்துல் ஹுஜுராத்தில் தடுக்கிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒருவருடைய வீட்டுச் சுவரேறிக் குற்றத்தைக் கண்டுபிடித்த நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் எடுத்துரைக்கிறார்கள். தாம் செய்தது ஒரு தவறு, கலீபா செய்தவை மூன்று என்றார் அந்த மனிதர்: துருவிப் பார்த்தது, வாசல் வழி வராதது, ஸலாம் கூறாதது. உமர் (ரலி) அவர்கள் அவரைத் தவ்பாச் செய்யச் சொல்லி விட்டுச் சென்றார்கள். சுவரைத் தாண்டி வெளிப்பட்டதைத் தடுக்கலாம். மறைந்திருப்பதைத் தேடிச் செல்லலாகாது என்பதே இமாமவர்களின் விளக்கம்.

ஆகவே மகனறியாமல் அவன் கட்டிலடியில் கருவி வைப்பது நமக்கு அழகன்று. மதரஸா விடுதி போன்ற அமானிதமான இடங்களில், வைத்திருக்கிறோம் என்று முன்னரே அறிவித்து வைப்பதில் தவறில்லை. ஆனால் கூடத்துக்கு வந்து தாயாரின் மூச்சைத் தடுக்கும் ஆவி தானே வெளிப்பட்டுவிட்ட ஒன்று. அதைத் தடுக்க எந்த எண்ணும் வேண்டாம். "நிறுத்து வாப்பா" என்ற ஒரு சொல் போதும். அச்சொல்லுக்குச் செவிசாய்க்கும் கல்பு நம் பிள்ளைகளிடம் இருக்கிறதா என்பதே நாம் அளந்து பார்க்க வேண்டியது.

அண்டியிருப்போருக்கு நம் மூச்சாலும் தீங்கு நேராமல் வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.