திண்ணையைத் தாண்டி

புதுச்சேரியில் பழைய வீடுகளை ஆடம்பர விடுதிகளாக்கியிருப்பவர்கள் நமக்கு முதலில் தருவது ஒரு தம்ளர் நன்னாரி சர்பத்தும், "உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க சார்" என்ற உபசாரமும். ஓர் இரவுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் வாடகையில் இந்த வாக்கியமும் அடக்கம். என் வீட்டில் எனக்கு யாரும் சர்பத் நீட்டுவதில்லை.

காசு கொடுத்தவன் விருந்தாளி ஆவானா? மாட்டான் என்றுதான் சட்டென்று சொல்வோம். விருந்தோம்பலுக்கென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. அதில் பில் வருவதில்லை. பெருமாள் கோயில் தெருப் பக்கம் அப்படியொரு விடுதியில் தங்கியபோது அந்தப் பதிலில் எனக்கிருந்த உறுதி குலைந்தது.

ஊரைப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே அந்த விடுதி இருக்கும் தமிழர் பகுதி. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் திட்டமிட்ட நேர்த் தெருக்கள்தாம் இன்றும். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துப் போட்டார்கள். திரும்பக் கட்டிய பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெரு அமைப்பை மாற்றவில்லை. தமிழர் பகுதியின் பெரிய வீடுகளில் கீழ்த்தளம் தமிழாகவும் மாடி பிரெஞ்சாகவும் இருக்கும்: கீழே தாழ்வாரம், திண்ணை, மரத்தூண், முற்றம், மேலே வளைவு ஜன்னல்களும் சுண்ணாம்புச் சுவர்த்தூண்களும்.

அந்தக் கீழ்த்தளம் ஒரு சல்லடை. வழிப்போக்கனுக்கு வெயில் தாங்கத் தாழ்வாரம், களைத்தவனுக்குத் திண்ணை, மோரும் உண்டு. முற்றம் வரை வர, நீங்கள் யார் என்று வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சாதியும் சேர்த்துத்தான். கொல்லை வழியாகவே வந்துபோனவர்கள் இருந்தார்கள். தெருவுக்குள்ளேயே வர முடியாதவர்களும் இருந்தார்கள். திண்ணையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு உள்ளே பிறந்தவர்கள் என்பது என் சந்தேகம். எங்கள் தாத்தா அந்த நிலைப்படியைத் தாண்டியிருக்க மாட்டார். ஆதார் அட்டையையும் முன்பணத்தையும் வாங்கிக்கொண்ட வரவேற்பாளரோ என் தாத்தா யாரென்று கேட்கவில்லை. முற்றத்தை ஒட்டிய அறைக்கே சாவி கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு வடகம் தாளித்த மீன் குழம்பு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாவற்றையும் பிசைந்து உருட்டி வெயிலில் பல நாள் காயவைக்கும் அந்த வடகம் இங்கிருந்து கப்பலேறி, இன்று பிரெஞ்சுச் சமையல்காரர்களின் அலமாரியில் இருக்கிறது. அது திரும்பி வந்து, அகலத் தட்டின் நடுவில் அரைக் கரண்டிச் சோற்றோடு நம் முன் உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். ருசியில் குறையில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன், தயங்காமல் கொண்டுவந்தார்கள்.

பரிமாறிய பையனுக்குப் பாகூர்ப் பக்கம். "சாப்பிட்டாச்சா தம்பி?" என்றேன்.

"கிச்சன் மூடின பிறகுதான் சார்."

வீட்டு விருந்திலும் பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிட்டார்கள், சம்பளம் இல்லாமல். அந்த உணவுக்கு விலை இல்லையென்று சொல்லிக்கொண்டோமே தவிர, விலை இருந்தது. உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவர்களைக் கேட்டால் தெரியும். 'என் கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான்' என்ற பேச்சு நாற்பது வருஷம் கழித்தும் கல்யாண வீட்டில் காதில் விழும். விடுதியில் பில்லுக்குக் கையெழுத்துப் போட்டால் கணக்கு அன்றோடு தீர்ந்தது. இது அன்பு இல்லைதான். ஆனால் தலை குனியாமல் சாப்பிட முடிகிறது.

இப்படி எண்ணித் திருப்தியாக இருந்தவனை மறுநாள் காலை வாசல் கலைத்தது. திண்ணையில் பிரம்பு நாற்காலிகள், 'விருந்தினருக்கு மட்டும்' என்றொரு பலகை. பூ விற்கும் அம்மா ஒருத்தி கூடையை அதன் ஓரத்தில் இறக்கி மூச்சுவாங்கினாள். காவலாளி முரட்டுத்தனமில்லாமல், "கொஞ்சம் தள்ளிப் போம்மா" என்றார். முற்றம் எனக்குத் திறந்த அதே சமயத்தில் திண்ணை அவளுக்கு மூடியிருக்கிறது. பழைய வீடு அவளை முற்றத்துக்குள் விட்டிருக்காது. ஆனால் திண்ணையிலிருந்து எழுப்பியிருக்காது.

விடுதிகளைக் குறை சொல்லிவிட்டுப் போகவும் மனமில்லை. பங்காளிகள் பிரித்து, வாடகைக்கு விட்டு, கூரை ஒழுகி, கடைசியில் அடுக்குமாடிக்காக இடிக்கப்பட்ட வீடுகள் இந்த ஊரில் ஏராளம். கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது; அரசு பிறகு அதே தோற்றத்தில் எழுப்பியது. தனியார் வீட்டுக்கு அப்படிச் செலவழிக்க யார் வருவார்கள்? என்னைப் போன்றவர்கள் தரும் வாடகைதான் அந்தத் தேக்குத் தூண்களை நிற்க வைத்திருக்கிறது.

ஒரு பக்கத் திண்ணையையாவது தெருவுக்கு விட்டுவைக்கக் கூடாதா என்று மேலாளரிடம் கேட்டேன். ஒருவரை விட்டால் பத்துப் பேர் வருவார்கள், வண்டி நிற்கும், மற்ற விருந்தினர்கள் புகார் எழுதுவார்கள் என்றார். எல்லாமே நியாயமான காரணங்கள். பேச்சை முடிக்கவோ என்னவோ, காலை உணவுக்குப் பொங்கலா, குரோசாங்கா என்று கேட்டார்.

இரண்டும் கொண்டுவரச் சொன்னேன்.