பாட்டுக்குப் படியளந்த கோயில்

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, "பி.காம். வேண்டாம், இசைக் கல்லூரியில் சேர்கிறேன்" என்றால் வீட்டில் யாரும் இசையைப் பழிப்பதில்லை. தலைக்குமேல் தூக்கி வைத்துத்தான் மறுக்கிறார்கள். சங்கீதம் தெய்வீகமாம்; அதை வயிற்றுப்பாட்டுக்கு ஆக்கலாமா, ஒரு டிகிரியை முடித்துவிட்டுப் பாட்டைக் கூடவே வைத்துக்கொண்டால் போயிற்று என்கிறார்கள். கேட்க இதமான அறிவுரைதான். ஆனால் அதற்குள் ஒரு சமயக் கொள்கை இருக்கிறது: தெய்வத்துக்கு உரியது கூலிக்கு அப்பாற்பட்டது என்பது. கல்லூரியில் இசை படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் அந்தக் கொள்கை மெய்தானா என்று பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அதை ஒப்புவதில்லை. தேவாரமாகிய திருப்பதியம் பாட, பிடாரர்கள் என்ற பாடகர்கள் 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். தேவாரத்தை வணங்கிய அரசு, அதைப் பாடியவரின் உலைக்கும் கல்லில் கணக்கு எழுதியது. பெரியபுராணமும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. சம்பந்தரோடு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் மரபினர்; யாழ்தான் அந்த மரபின் பிழைப்பு. அது அவர் நாயன்மார் ஆவதற்குத் தடையாகவில்லை.

அப்படியானால் "பொழுதுபோக்காக வைத்துக்கொள்" என்ற எண்ணத்துக்கு எங்கே வேர்? அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் எட்டாம் பகுதியில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: நற்குடி இளைஞர் இசை கற்கட்டும், ஆனால் தொழில்முறைக் கலைஞர் அளவுக்குத் தேற வேண்டாம், பிறர் மகிழக் கூலிக்கு வாசிப்பது சுதந்திர மனிதனுக்கு ஏற்றதல்ல. அடிமைகளின் உழைப்பில் கிடைத்த ஓய்வு அந்தத் தத்துவத்தைத் தாங்கியது. நம் ஊரிலும் நாகசுரத்தைக் கொண்டாடியபடியே அதை வாசித்த குடும்பங்களைத் தள்ளி நிறுத்திய வழக்கம் இருந்தது. கலைக்கு மரியாதை, அதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒரு படி கீழே இடம். தெய்வீகம் என்ற சொல் அந்தப் பழைய கௌரவப் பார்வைக்குத் திரையாகிறது.

எந்தத் தொழில் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. கீதை, பிறர் தருமத்தைச் செவ்வனே செய்வதைவிடத் தன் தருமத்தைக் குறையோடு செய்வது மேல் என்கிறது. தன் தருமம் எது என்பதை நெடுங்காலம் பிறப்பே தீர்மானித்தது. தஞ்சைக் கல்வெட்டிலும் ஒருவர் மறைந்தால் அடுத்த உறவுமுறைக்காரர் பணியேற்க வேண்டும் என்று வருகிறது. அவர் தகுதியற்றவரானால் தகுதியுள்ள வேறொருவரை வைத்துச் செய்விக்க வேண்டும். முதலில் முறை, பிறகு தகுதி. 1929இல் சிதம்பரத்திலும், 1949இல் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு சென்னையிலும் வந்த இசைக் கல்லூரிகள் கொள்கையளவில் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டன. இசைக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளையும் விண்ணப்பம் போடலாம். தன் தருமம் அங்கே பரம்பரைச் சொத்தாக இல்லாமல் ஒருவர் எடுக்கும் முடிவாகிறது. பதினேழு வயதில் வரும் குழப்பம் அந்தச் சுதந்திரத்தோடு சேர்ந்தே வருவது.

வருமானம் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கோயில் முக்குறுணி நெல் அளந்த காலம் போய்விட்டது. ஒரு பிள்ளையின் சம்பளத்தை நம்பிக் குடும்பமே இருந்தால் அந்தக் கடமையும் தருமம்தான். அங்கே இசையைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம் ஆகாது. ஆனால் அந்த வீட்டில் காரணத்தைப் பணம் என்றே சொல்ல வேண்டும். இசையின் புனிதத்தைக் காக்கிறோம் என்று சொல்லக் கூடாது. குருவிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்பதைக் கல்லூரிப் பாடவேளைகள் தருமா என்று கேட்பவர்களும் உண்டு. தராது. ஆனால் குருவின் வாசலையே அறியாத பிள்ளைக்கு அங்கு போகும் வழியைக் கல்லூரி காட்டும். 72 மேளகர்த்தாவின் கணக்கையும், மற்ற வாத்தியக்காரர்களின் பழக்கத்தையும் தரும்.

தன் இயல்பு இதுதானா என்று எப்படி அறிவது? கச்சேரியில் கண் கலங்குவது சான்றாகாது. நல்ல ரசிகருக்கும் கண் கலங்கும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடும் காலைப்பொழுதைப் பார்க்க வேண்டும். ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும் சுத்த ரிஷபம் தம்புராவோடு வைத்துக் கேட்டால் மயிரிழை ஏறியிருப்பதும் தெரிந்துவிடும். கைதட்ட ஆளில்லாத அந்த நேரத்தில், ஏறிய ரிஷபத்தை இறக்குவதே ஒரு பிள்ளைக்கு அன்றைய பெரிய காரியமாகப் படுகிறது என்றால், வீட்டில் உலையும் கொதிக்கும் என்றால், அவர் இசைக் கல்லூரியில் சேரலாம். சம்பளம் வாங்கிப் பாடினால் பக்தி குறைந்துவிடுமோ என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை.