நண்டுக்கொரு பெயர் எதற்கு?

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலே ஒரு காட்சி வருகின்றது. ஆண்டவர் தாம் படைத்த விலங்குகளையும் ஆகாயத்துப் பறவைகளையும் ஆதாமிடம் கொண்டுவருகின்றார். அவன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்த்திருக்கின்றார். அவன் இட்ட பெயரே அவற்றுக்கு நிலைத்துவிடுகின்றது. இப்பகுதியை நாம் எத்தனையோ தடவை வாசித்திருக்கின்றோம். ஆயினும் கூர்ந்து வாசிப்போர்க்கு ஒன்று புலனாகும். பெயர் பெற்றவற்றின் வரிசையில் கால்நடைகள் உண்டு, பறவைகள் உண்டு, காட்டு விலங்குகள் உண்டு. நீர்வாழ் உயிர்களைப்பற்றி அங்கே பேச்சில்லை. ஆதாமின் அலுவல் அன்றோடு முடிந்துவிடவில்லை என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறாகுமா?

முடியவில்லை என்பதற்கு நமது மலைநாட்டு ஓடைகளே சாட்சி. இலங்கையின் நன்னீர் நண்டுகள் சிலவற்றுக்கு 1880 ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கியலாளர் கிங்ஸ்லி பெயரிட்டார். 1960 இல் பெர்னாண்டோ இந்நண்டுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 1970 இல் ஜெர்மனியரான பொட் மேலும் எழுதினார். இனி என்ன மிச்சமிருக்கப் போகின்றது என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 1990 களில் சிங்கப்பூர்ப் பேராசிரியர் பீற்றர் இங், நம் நாட்டவரான முகம்மது பாகிர் முதலியோர் ஓடை ஓடையாகத் தேடத் தொடங்கியபின் புதிய இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இன்று ஏறத்தாழ ஐம்பது இனங்கள் அறியப்பட்டுள்ளன. அநேகமாக எல்லாமே இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

ஒரு புதிய இனத்தை விபரித்து வெளியிடுதல் இலேசான காரியமன்று. ஓடைக்கரையிற் கல்லைப் புரட்டவேண்டும். ஈரமண் வளைகளைத் தோண்டவேண்டும். சில நண்டுகள் வளர்ந்த பின்னும் ஓரங்குல அகலத்தைத் தாண்டுவதில்லை. பிடித்தவற்றை அற்ககோலில் இட்டு, ஓட்டின் நீள அகலங்களை மில்லிமீற்றரில் அளந்து, ஆண் நண்டின் வயிற்று மடலுக்குக் கீழே மறைந்திருக்கும் சிறு உறுப்புகளை நுணுக்குக்காட்டியிற் பார்த்து வரையவேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு இனங்களை அந்த உறுப்புகளே பெரும்பாலும் பிரித்துக் காட்டுகின்றன. முன்னோர் பெயரிட்ட மாதிரிகள் வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்குமாயின் அவற்றோடும் ஒப்பிடவேண்டும். கடைசியில் ஒரேயொரு நண்டைத் தெரிந்து, பெயரைத் தாங்கும் மாதிரி இதுவே என்று குறித்து நூதனசாலையில் ஒப்படைக்கவேண்டும். அதன் பின்னரே இலத்தீன் முறையிலான ஈரடிப் பெயர் செல்லுபடியாகும்.

இத்தனை பாடும் ஒரு நண்டுக்காகவா என்று கேட்போர் உண்டு. அவர்களுடைய கேள்விகளைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது.

முதலாவது கேள்வி: நண்டென்றால் ஒன்று போதாதா? இறைவனுக்கு ஐம்பது வகை எதற்கு? இயற்கை தரும் விடை இது. கடல் நண்டின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தூரம் பரவுகின்றன. மலை நண்டுக்கு அந்த வசதியில்லை. தாய் நண்டு முட்டைகளைத் தன் வயிற்று மடலுக்குள் வைத்துக் காக்கின்றது. முட்டையிலிருந்து வெளிவருவது சிறிய, முழு உருவம் பெற்ற நண்டு. அது பிறந்த ஓடையை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஆகவே ஒரு மலையின் நண்டும் அடுத்த மலையின் நண்டும் நெடுங்காலமாகப் பிரிந்திருந்து வெவ்வேறு இனங்களாயின. இனி வேதசாஸ்திரம் தரும் விடையைப் பார்ப்போம். இறைவனின் நன்மைத்தனத்தை எந்தவொரு படைப்பும் தனித்து முழுமையாகக் காட்ட இயலாது. ஆதலாற்றான் அவர் பலவற்றையும் பலவகையாகப் படைத்தார் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். அப்படியானால் ஓர் ஓடையில் மட்டும் வாழும் நண்டும் வேறெதுவும் சொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் சொல்ல வந்திருக்கின்றது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. பெயர் பெறுவதற்காக ஓர் உயிர் சாகவேண்டியிருக்கின்றதே, இது நியாயமா? 1992 இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைத் தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்று போதிக்கின்றது. தேவையின்றி என்பதே இங்கு அளவுகோல். பெயரில்லாத ஒன்றைக் காக்கும்படி எந்தச் சட்டத்தையும் கேட்க முடியாது. அழிந்துபோனாலும் அழிந்தது இன்னதென்று சொல்ல ஆளிராது. ஓர் இனம் முழுவதற்காகவும் சில உயிர்களை எடுப்பதை நான் பாவமென்று சொல்லமாட்டேன். ஆனால் வேண்டிய அளவுக்கு மேல் ஒன்றை எடுத்தாலும், புகழுக்காக எடுத்தாலும், அது பாவமே. மேலும், கொன்று பெயரிட்டவன் அத்தோடு கை கழுவிவிட்டுப் போக முடியாது. விஞ்ஞான நூல்களில் உயிரினத்தின் பெயருக்குப் பின்னால் அதற்குப் பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் எழுதப்படுவது வழக்கம். அதனைப் பெருமையென்று கருதுவோர் கருதட்டும். எனக்கோ அது உறுதியில் இடப்படும் சாட்சிக் கையெழுத்தாகவே தோன்றுகின்றது. கையெழுத்திட்டவன் கேட்டபோது வந்து சாட்சி சொல்லவேண்டியவன்.

மூன்றாவது கேள்வியே நெஞ்சைச் சுடுவது. 2001 இல் பெயர் பெற்ற ஒரு நண்டினம் பெர்பிரிங்கியா மொரேயென்சிஸ் என்று அழைக்கப்படுகின்றது. மஸ்கெலியாப் பகுதியின் மொரே தோட்டத்தினுடைய பெயர் அதில் இருக்கின்றது. அந்த மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய மக்களோ 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். அவர்களுள் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 ஆம் ஆண்டிலேதான். மனிதனைப் பதிவேட்டில் எழுத ஐம்பத்தைந்து ஆண்டுகள் தயங்கிய நாட்டில் நண்டுக்குப் பெயர் தேடுகிறார்களே என்று ஒருவர் கசந்து கேட்டால், அவரை நாம் குறை சொல்ல முடியுமா?

முடியாது. ஆனால் விடையும் அத்தோட்டங்களிலேயே இருக்கின்றது. அங்கே ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. அந்த வேலைக்குரிய சம்பளம். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப் பேர்’தான் விழும். பேர் விழுந்துவிட்டால் எழுதியவர் கடன்காரர். அவர் கொடுத்தே ஆகவேண்டும். பெயர் என்பதன் உண்மையான பொருளை நமது தொழிலாளர் பல தலைமுறைகளாக அறிந்து வைத்திருக்கின்றனர். பெயரை எழுதினால் அந்தப் பெயருக்குரியவருக்கு எழுதியவன் கடமைப்படுகின்றான். மனிதருக்கு இந்தக் கடனைச் செலுத்தாமல் விட்டது அநீதி. அதற்காக நண்டுக்குரிய கடனையும் செலுத்தாமல் விட்டால், ஓர் அநீதி இரண்டாகுமேயன்றி ஒன்றும் குறையாது.

அன்றியும், இந்த இரண்டு கடன்களும் வேறு வேறானவையல்ல. 2009 இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வில் இலங்கையின் ஐம்பது நன்னீர் நண்டினங்களுள் நாற்பது அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணிக்கப்பட்டது. முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சிய ஓடைகளில் கிருமிநாசினியும் மண்ணும் கழுவி வருகின்றன. நண்டு வாழும் அதே ஓடையிலிருந்துதான் லயத்துப் பீலிக்கும் தண்ணீர் வருகின்றது. நண்டு சாகும் நீரைக் குழந்தை குடிக்கின்றது. ஓடையைக் காப்பவன் இருவரையும் காக்கின்றான்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், நாம் அறியுமுன்னரே அழிந்துபோகும் உயிரினங்களை எண்ணி வருந்தினார். அவை தம் இருப்பினால் இறைவனுக்குச் செலுத்தும் மகிமை நம்மாலே தடைப்படுகின்றது என்றும், அதற்கு நமக்கு உரிமையில்லை என்றும் அவர் உணர்த்தினார். விஞ்ஞானியாகாத நம்மாலும் ஆகக்கூடியவை உண்டு. ஓடையோரத்து மரத்தை வெட்டாமல் விடலாம். மருந்து தெளித்த தாங்கியை ஓடையிற் கழுவாதிருக்கலாம். மறைக்கல்வி வகுப்புச் சிறுவரை ஒருநாள் ஓடைக்கரைக்கு அழைத்துச்சென்று ஒரு கல்லைப் புரட்டிக் காட்டலாம். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைக்கவும் மறவாமற் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

ஆதாம் என்ன பெயரிடுவான் என்று அன்று ஆண்டவர் பார்த்திருந்தார். பெயரிட்டவற்றை என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் நம்மிடம் கேட்பார். அன்று நாம் காட்டவேண்டியது அற்ககோல் போத்தலில் கிடக்கும் ஒரேயொரு நண்டாக இராதபடி பார்த்துக்கொள்வோமாக.